மகன் படிக்கும் புத்தகம் எனக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது

கேள்வி:

நாங்கள் கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். வீட்டில் தமிழ், பிள்ளைகள் வெளியே பேசுவது மலையாளம், படிப்பது ஆங்கிலம். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. ஒரு வருடமாக ஹாரி பாட்டர் புத்தகங்களே கதி என்று கிடக்கிறான். போனில் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களும் பார்க்கிறான். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. தோழிகளோடு போய் நீலி படத்தைப் பார்த்துவிட்டு வந்து இன்னமும் அதே பேச்சாக இருக்கிறாள். போன மாதம் எங்கள் சபையில் நடந்த கன்வென்ஷனில், மந்திரக் கதை படிக்கிற வீட்டில் பிசாசுக்குக் கதவு திறந்திருக்கிறது என்று பிரசங்கியார் சொன்னார். அன்று இரவே மாமியாரும் நானுமாகப் பையனின் புத்தகங்கள் இரண்டை அடுப்பில் போட்டுவிட்டோம். அதில் ஒன்று பள்ளி நூலகத்துப் புத்தகம் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குடும்ப ஜெபத்தில் வந்து உட்காருகிறான், வாய் திறப்பதில்லை. எனக்கு ஆங்கிலம் வாசித்துப் புரியாது. எதைப் படிக்கலாம், எதைப் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் உதவியாக இருக்கும். நான் செய்தது சரியா, தப்பா?

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்தது தப்பு. பிள்ளை மேல் உள்ள பாசத்தில் செய்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அவனுக்கும் இருக்காது. ஆனாலும் அவனுடைய பொருளை, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாமல் எரித்தீர்கள். அவன் கோபம் பிசாசின் வேலை அல்ல. உங்கள் நகையை யாராவது கேட்காமல் எடுத்து உருக்கியிருந்தால் உங்களுக்கு வரும் கோபம்தான் அது.

இப்படி எரிக்கிறவர்கள் அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். எபேசு பட்டணத்தில் மாயவித்தைப் புத்தகங்களைச் சுட்டெரித்தார்கள், அவற்றின் கிரயம் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்று அங்கே எழுதியிருக்கிறது. எழுதியிருப்பது உண்மை. ஆனால் எரித்தவர்கள் யார்? மாயவித்தை செய்துகொண்டிருந்தவர்கள். எரித்தது அவர்களுடைய சொந்தப் புத்தகங்களை; அவர்களே கொண்டுவந்தார்கள். அந்தப் புத்தகங்களும் கதைப் புத்தகங்கள் அல்ல, தொழிலுக்கான மந்திர ஏடுகள். எபேசுவில் எந்த விசுவாசியும் அடுத்தவர் வீட்டுப் பரணில் ஏறிப் புத்தகம் தேடவில்லை.

பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். தர மாட்டேன். நான் இன்று எழுதிக் கொடுக்கும் பட்டியல் அடுத்த ஓணத்துக்குள் பழசாகிவிடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் செய்ய வேண்டிய வேலையை, உங்கள் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்த்திராத நான் செய்வது நியாயமில்லை. சந்தையில் ‘நல்ல மீன்’ என்று மீன்காரி சொன்னதற்காக மட்டும் நீங்கள் மீன் வாங்குவதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறீர்கள். அந்தக் கண் உங்களுக்கு எந்தப் பட்டியலிலிருந்தும் வரவில்லை, அம்மாவோடு சந்தைக்குப் போய்ப் போய்ப் பழகியது. எபிரெயருக்கு எழுதின நிருபமும் இதையேதான் சொல்கிறது: நன்மை தீமை இன்னதென்று பகுத்தறிவது ‘முயற்சியினால் பயின்ற’ ஞானேந்திரியங்களை உடையவர்களுக்குத்தான் வரும் (5:14). பயிற்சி பையனுக்கும் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். புத்தகம் அடுப்பில் இருந்தால் இரண்டு பேருக்கும் பயிற்சி இல்லை.

பிரசங்கியார் பயந்தது வெறும் கற்பனை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உபாகமம் 18-ஆம் அதிகாரம் குறி கேட்பதையும், நாள் பார்ப்பதையும், சூனியம் செய்வதையும், செத்தவர்களிடம் விசாரிப்பதையும் கண்டிப்பாக விலக்குகிறது. கிறிஸ்தவர்கள் இதில் சமாதானம் பேச இடமே இல்லை. ஆனால் அங்கே விலக்கப்பட்டது ஒரு செயல். சவுல் ராஜா எந்தோருக்கு இரவில் மாறுவேடத்தில் போனது கதை கேட்பதற்கு அல்ல, செத்த சாமுவேலை எழுப்பிக் கேட்பதற்கு. அதே சம்பவத்தை 1 சாமுவேல் 28-இல் நாம் வாசிக்கிறோம், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறோம். வாசித்த யாரும் சூனியக்காரராகிவிடவில்லை.

என் மேசைக்கு வரும் குடும்பங்களை வைத்துச் சொன்னால், நம் எல்லைப் பகுதியில் பிசாசுக்குக் கதவு எங்கேயாவது திறந்திருக்கிறது என்றால் அது பெரும்பாலும் பிள்ளைகளின் புத்தக அலமாரியில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் செய்வினை வைத்துவிட்டார் என்று நம்பி இரண்டு வருடம் பேச்சை முறித்துக்கொண்ட சபைக் குடும்பங்கள் எனக்குத் தெரியும். மகளின் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று, சொந்தக்காரர் கண்ணில் படாத ஊராகப் பார்த்து மந்திரவாதியிடம் போய்த் தகடு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தும் எடுத்தவர்கள் உண்டு. போனில் ராசிபலன் பார்க்காமல் பயணம் புறப்படாதவர்கள் உண்டு. கதையில் வரும் மந்திரத்தைப் படிக்கும் பையனைவிட, நிஜ மந்திரத்துக்குப் பயந்து நடுங்கும் பெரியவர்கள்தான் அதற்கு அதிக மரியாதை கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை என்றே நம்புகிறேன். இருந்தால் முதலில் அங்கிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி அடுப்பில் போன புத்தகம். உங்களால் வாசிக்க முடியாததால் உள்ளே இருப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். முதல் பாகம் 1997-இல் வந்தது, ஏழாவது பாகம் 2007-இல். தாய் தகப்பனை இழந்த ஒரு பையன், பெரியம்மா வீட்டில் மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில் வேண்டாத பிள்ளையாக வளர்கிறான். கைக்குழந்தையாக இருந்தபோது அவனைக் கொல்ல வந்தவனுக்கும் அவனுக்கும் நடுவில் அவன் தாய் நின்று உயிரைக் கொடுத்தாள். அந்த அன்புதான் அவனைக் காப்பாற்றியது என்பதே ஏழு பாகங்களுக்கும் அடித்தளம். கடைசிப் பாகத்தில் அவன் பெற்றோரின் கல்லறையைத் தேடிப் போகிறான். அந்தக் கல்லில் செதுக்கியிருப்பது 1 கொரிந்தியர் 15:26: ‘பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்.’ உங்கள் கல்லறைத் தோட்டத்திலும் இந்த வசனம் எங்காவது இருக்கும்.

அதற்காக அது பக்தி நூல் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகள் பொய் சொல்லித் தப்பிக்கிறார்கள், விதியை மீறுகிறார்கள், பல இடங்களில் அதற்குப் பாராட்டும் கிடைக்கிறது. நான்காம் பாகத்திலிருந்து சாவுகள் கூடுகின்றன; எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் கொஞ்சம் பொறு என்றுதான் சொல்வேன். பதின்மூன்று வயதுக்கு அது தாங்கும்.

முதல் பாகத்தில் ஒரு கண்ணாடி வருகிறது. அதற்கு முன்னால் நிற்பவருக்கு அவருடைய நெஞ்சின் ஆழத்தில் உள்ள ஆசை தெரியும். அநாதைப் பையனுக்கு அதில் தன் அம்மாவும் அப்பாவும் பின்னால் நிற்பது தெரிகிறது. இரவு தோறும் திருட்டுத்தனமாக எழுந்து போய் அதன் முன்னால் உட்காருகிறான். சாப்பாடும் வேண்டாம், சிநேகிதனும் வேண்டாம். ஒரு நாள் தலைமையாசிரியர் அங்கே வந்து, இந்தக் கண்ணாடி அறிவையும் தராது, உண்மையையும் தராது. இதன் முன்னால் உட்கார்ந்தே வீணாய்ப் போனவர்கள் உண்டு என்று சொல்லி, இனி அதைத் தேடி வராதே என்கிறார். கற்பனைக் கதையின் ஆபத்தைப் பற்றி இவ்வளவு கச்சிதமாக எச்சரித்த பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. அந்த எச்சரிக்கை அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் மகன் அதைப் படித்திருக்கிறான்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் மகனுடைய தகப்பனார் மஸ்கட்டில் இருக்கிறார். தகப்பன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிற ஒரு பையனின் கதையை அவன் வருடம் முழுவதும் படிக்கிறான் என்றால், அவன் மந்திரக்கோலைத் தேடித்தான் அங்கே போகிறான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றவில்லை. அவனிடம் கேட்டுப் பாருங்கள்: “அந்தக் கண்ணாடியில் நீ நின்றால் உனக்கு என்ன தெரியும் மக்களே?” பதில் உடனே வராது. வராவிட்டால் விட்டுவிடுங்கள்; மறுபடி மறுபடி கேட்டு வாங்காதீர்கள்.

ஆங்கிலம் தெரியாதே என்று கவலைப்படுகிறீர்கள். அது குறையே அல்ல, ஒரு வகையில் வசதி. பிள்ளையைக் கதை சொல்ல வைப்பதற்கு உங்களுக்கு உண்மையான காரணம் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்த தாய் கேட்டால் பரீட்சை வைக்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். நீங்கள் கேட்டால் உண்மையிலேயே கேட்கிறீர்கள். கிழங்கு தோல் சீவும்போதோ, துணி மடிக்கும்போதோ, எதிரில் உட்கார வைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பாதியில் வசனம் சொல்லாதீர்கள். அவன் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். யாரை ‘நம்ம ஆள்’ என்கிறான்? கெட்டவன் ஜெயிக்கும்போது குரல் எப்படிப் போகிறது? பலம் உள்ளவனை ரசிக்கிறானா, விட்டுக்கொடுத்தவனை ரசிக்கிறானா? ஒருவன் சாகும் இடத்தில் சிரிக்கிறானா, அவசரமாகத் தாண்டுகிறானா, கொஞ்சம் நிற்கிறானா? புத்தகத்தின் அட்டையைப் பார்த்து உங்களுக்குத் தெரியாத எல்லாம் இதில் தெரியும்.

இப்படி ஒரு பையன் என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். அவன் வயது இதேதான். உள்ளே ஒரு கற்பனை ராஜ்யத்தின் வரைபடம். பச்சை மையில் கோடிழுத்துக் குழித்துறை ஆறு. மார்த்தாண்டம் மேம்பாலம் படுத்துக் கிடக்கும் ஒரு பெரிய பாம்பின் முதுகு. எல்லைச் சோதனைச் சாவடியில் மூன்று மொழியில் விடுகதை கேட்கும் பூதம், பதில் தெரியாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். ஓரத்தில் ஒரு சின்ன வீடு, அதைச் சுற்றி மட்டும் மதில். ‘இது யார் வீடு?’ என்றேன். ‘இங்கே யாரும் சண்டை போட மாட்டார்கள்’ என்றான். அவன் பெற்றோர் அவனை அழைத்து வந்தது கார்ட்டூன் அதிகம் பார்க்கிறான் என்பதற்காக. நாங்கள் அதற்குப் பிறகு கார்ட்டூனைப் பற்றி அதிகம் பேசவில்லை.

கற்பனைக் கதை என்றாலே நம் சபைக்கு அந்நியம் என்ற எண்ணம் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. யோதாம் கெரிசீம் மலையில் நின்று, மரங்கள் கூடி ராஜாவைத் தேடின கதையைச் சொன்னான்; ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் மறுக்க, முட்செடி சிம்மாசனம் ஏறியது (நியாயாதிபதிகள் 9). மரம் பேசுமா என்று சீகேமில் யாரும் கேட்கவில்லை. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணத்தில், மீன் செதிலும் வலுசர்ப்பத்தின் சிறகும் கரடியின் காலும் சிங்கத்தின் வாயும் உள்ள ஒரு பிசாசோடு கிறிஸ்தியான் வாள் எடுத்துச் சண்டை போடுகிறான். இராட்சதன் ஒருவன் அவனைப் பிடித்து நிலவறையில் அடைக்கிறான். அந்தக் கதையைத்தான் நம் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை தமிழ்க் காப்பியமாக்கி, இரட்சணிய யாத்திரிகம் என்று 1894-இல் தந்தார். கம்பனில் ஊறிய கையால் எழுதியது. உங்கள் மாமியார் அதிலுள்ள பாடல்களை நிச்சயம் பாடியிருப்பார். பனியன் கதையில் வேதாளமும் இராட்சதனும் வந்தபோது யாரும் அடுப்பைத் தேடவில்லை.

பனியனின் அந்தப் புத்தகத்தில் ஒரு சந்தை வருகிறது. வருடம் முழுவதும் நடக்கும் மாயைச் சந்தை. வீடு, பதவி, பட்டம், ஆசை, வேடிக்கை எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும். பரம பட்டணத்துக்குப் போகிறவன் அந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. போவதானால் உலகத்தை விட்டே போக வேண்டும் என்று பனியன் எழுதுகிறார். இரண்டு பயணிகளும் சந்தை நடுவேதான் நடந்தார்கள். எதை வாங்குகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், சத்தியத்தை வாங்குகிறோம் என்றார்கள். போனைப் பிடுங்கினாலும் உங்கள் பிள்ளைகள் அந்தச் சந்தை வழியாகத்தான் பள்ளிக்கூடம் போய் வர வேண்டும்.

சி.எஸ். லூயிஸ், டோல்கீன் என்ற இரண்டு பேரின் பெயரையும் உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். இருவரும் ஆக்ஸ்போர்டில் ஆசிரியர்கள். டோல்கீன் கத்தோலிக்கர். லூயிஸ் இளவயதில் கடவுளே இல்லை என்றிருந்தவர். 1931-இல் ஓர் இரவு டோல்கீனும் இன்னொரு நண்பரும் அவரோடு நடந்துகொண்டே, நீ நேசிக்கும் பழங்கதைகள் எதைத் தேடுகின்றனவோ அது கிறிஸ்துவில் உண்மையாகவே நடந்தது என்று பேசினார்கள். சில நாட்களில் லூயிஸ் கிறிஸ்துவை விசுவாசித்தார். பிறகு 1950 முதல் 1956 வரை அவர் வெளியிட்ட நார்னியா கதைகளில் சூனியக்காரியும் உண்டு, பேசும் சிங்கமும் உண்டு. பையன் கேட்டால் அதில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆனால் ‘இது நம்முடையது, அது பிசாசுடையது’ என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கில் அவன் இரண்டையும் படிக்க மாட்டான்.

கார்ட்டூன் தொடர்கள் விஷயத்தில் நான் இவ்வளவு தாராளமாக இல்லை. கார்ட்டூன் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு என்று நம் தலைமுறை நினைக்கிறது. ஜப்பானில் பெரியவர்களுக்காகவே எடுக்கப்படும் தொடர்கள் ஏராளம். சிலவற்றில் இரத்தமும் வெட்டுப்பட்ட உடலும் சாதாரணம். சிலவற்றில் பெண்களைக் காட்டும் விதம் மிக மோசம். 2021-இல் வந்த விதிகளின்படி இணையத் திரைத் தளங்கள் ஒவ்வொரு தொடருக்கும் 7+, 13+, 16+ என வயது போட வேண்டும், 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் தர வேண்டும். 2024 நவம்பர் முதல் சினிமாச் சான்றிதழிலும் யுஏ என்பதை அதே மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். மகளிடம் சொல்லி அந்தப் பூட்டை இன்றே போடச் செய்யுங்கள், பூட்டின் ரகசிய எண்ணை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 16+ என்று போட்டது உங்கள் வீட்டில் இப்போதைக்கு வேண்டாம். இதற்கு விளக்கம் கொடுக்கவும் தேவையில்லை; தாய் என்ற உரிமையில் சொல்லலாம். மற்றதில் ஒன்றை அவனோடு உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். மொழி புரியாது, பரவாயில்லை. முகங்களைப் பாருங்கள், நடுவில் நிறுத்தி ‘இவன் ஏன் அழுகிறான்’ என்று கேளுங்கள்.

ஒரு நோட்டில் பெயரை எழுதினால் அந்த ஆள் செத்துப்போவான் என்கிற தொடர் ஒன்று பிள்ளைகளிடையே வெகு பிரபலம். கெட்டவர்களைக் கொல்கிறேன் என்று தொடங்கும் புத்திசாலிப் பையன், போகப் போகத் தானே கடவுள் என்று நினைக்கத் தொடங்குவான். பெரிய பிள்ளைகளோடு பேச நல்ல விஷயம். ஆனால் வகுப்பில் பிடிக்காதவன் பெயரை நோட்டில் எழுதி வைத்து ரசிக்கும் பிள்ளைக்கு அது விஷம். ஒரே கதை இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு வேலை செய்யும். பவுல் சொன்னது இங்கேதான் பொருந்துகிறது: எல்லாவற்றையும் அநுபவிக்க அதிகாரமுண்டு, ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது.

கதையைத் தாண்டிச் செயலாகும் இடத்தில் மட்டும் கடுமையாக இருங்கள். விடுதிகளிலும் டியூஷன் மாடிகளிலும் காசை நகர்த்தி ஆவி அழைக்கும் விளையாட்டு விளையாடுகிறார்கள். மந்திரம் என்று இணையத்தில் கிடப்பதைப் பார்த்துச் செய்து பார்க்கிறார்கள். அது கூடாது என்று இரண்டு பிள்ளைகளிடமும் தெளிவாகச் சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு போன் உங்கள் அறையில் இருக்கட்டும். பாதி ராத்திரியில் தனியாகப் பார்ப்பது எதுவானாலும் நல்லதல்ல, பிரசங்கமே ஆனாலும்.

இனி மகளும் நீலியும். 2025 ஆகஸ்டில் வந்த ‘லோகா’ படம் கள்ளியங்காட்டு நீலியை நாயகியாக்கிக் காட்டியது. அது நம் ஊர்க் கதை. நாகர்கோவிலுக்குப் பக்கத்துக் கள்ளியங்காட்டில் வழிப்போக்கரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்ட யட்சியின் கதையை உங்கள் மாமியார் உங்கள் மகளுக்கு மின்சாரம் போன இரவுகளில் சொல்லியிருக்க மாட்டாரா? கேட்டுப் பாருங்கள்; புத்தகத்தை அடுப்பில் போட்ட அதே கை கதை சொல்லித் தாலாட்டியிருக்கும். இன்னொரு வேடிக்கை, கேரளத்தில் அந்த நீலியை அடக்கியதாகச் சொல்லப்படுபவர் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார், கடமற்றத்துக் கத்தனார். மந்திரம் கற்ற பாதிரியாரின் கதையைத் தலைமுறைகளாக ரசித்த நாடு இது.

பயமுறுத்திய பெண் இப்போது காப்பாற்றுகிறவளாக வருகிறாள் என்பது உங்கள் மகளுக்கு ஏன் பிடித்தது என்று அவளிடம் கேளுங்கள். பதினேழு வயதுப் பெண் ராத்திரி பஸ்ஸில் வீடு திரும்பும் ஊரில், அந்த ஆசைக்கு அர்த்தம் இருக்கிறது. அதோடு ஒன்று சொல்லிக் கொடுங்கள்: நமக்குக் கதையாக இருக்கும் நீலியும் இசக்கியும் அவளுடைய தோழிகள் வீட்டில் கும்பிடும் தெய்வமாக இருக்கலாம். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்தி வணங்காமல் போகாத ஓட்டுநர்கள் எத்தனை பேர். பகுத்தறிவது என்றால் அடுத்தவர் தெய்வத்தை இழிவாகப் பேசுவது என்று பிள்ளைகள் புரிந்துகொள்ளக் கூடாது. புத்தகம் எரித்த அதே அப்போஸ்தலர் 19-இல், சில வசனம் தள்ளி, பட்டணத்துச் சம்பிரதி, அதாவது அந்த ஊர் அதிகாரி, எழுந்து நின்று, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்ல என்று பவுலின் கூட்டாளிகளுக்குச் சாட்சி சொல்கிறான். கன்வென்ஷன் மேடைகளில் இந்த வசனத்தை யாரும் எடுப்பதில்லை.

தானியேலின் கதையை ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் எடுங்கள், ஆனால் விளக்கம் சொல்லும் வேலையை மகனிடம் விடுங்கள். சிறுவயதில் அந்நிய நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, அந்நிய மொழியும் கல்தேயரின் எழுத்தும் கற்றான். பாபிலோனின் பாடத்தை மறுக்கவில்லை. ராஜாவின் போஜனத்தை மறுத்தான், பிறகு ஜெபத்தை நிறுத்த மறுத்தான். எதைக் கற்பது, எதைத் தொடாதிருப்பது என்ற கோட்டை அவனே போட்டான், அம்மா கூட இல்லை. மூன்று மொழிக்கு நடுவில் வளரும் பையனுக்கு இது யார் சொல்லாமலும் புரியும்.

சபை மூப்பர்கள் கேட்பார்கள். பிரசங்கியாரைக் கேலி செய்யாதீர்கள், பிள்ளைகளையும் செய்ய விடாதீர்கள். மந்திரவாதம் நடந்த வீட்டிலிருந்து வெளியே வந்த விசுவாசிகள் நம் சபைகளில் உண்டு. அவர்களுக்கு அந்தச் சொல்லே பழைய பயத்தைக் கிளறும். அப்படிப்பட்டவர் முன்னால் உங்கள் மகன் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பெருமை பேச வேண்டியதில்லை. ரோமர் 14 கேட்பது அவ்வளவுதான். ஆனால் அவர் மனச்சாட்சியை உங்கள் வீட்டுக்குச் சட்டமாக்கவும் ரோமர் 14 சொல்லவில்லை.

உடனே செய்ய வேண்டியது, நூலகப் புத்தகத்துக்கு ஈடு கட்டுவது. நீங்களே பள்ளிக்கூடத்துக்குப் போய், என் கையால் போனது என்று சொல்லிப் பணம் கட்டுங்கள், அவனை அனுப்பாதீர்கள். அவனுடைய சொந்தப் புத்தகத்தையும் வாங்கிக் கொடுங்கள். ‘மன்னித்துக்கொள், ஆனால் நீயும்…’ என்று தொடங்காதீர்கள். ‘ஆனால்’ வேண்டாம். கணவர் அடுத்த முறை அழைக்கும்போது, படிப்பு எப்படி என்று கேட்பதற்கு முன்னால் கதை எந்த இடத்தில் நிற்கிறது என்று மகனிடம் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் அவரும் முதல் பாகத்தை அங்கே வாங்கிப் படிக்கட்டும்.

அவன் பேசத் தொடங்க நாள் பிடிக்கலாம். அதற்கு நடுவில் தூக்கம் கெடுகிறதா, சாப்பாடு குறைகிறதா, சிநேகிதர்களையும் தவிர்க்கிறானா, மதிப்பெண் சட்டென்று விழுகிறதா, சாவைப் பற்றிப் பேசுகிறானா, இல்லாத குரல் கேட்கிறது என்கிறானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் எது இருந்தாலும் ஜெபத்தோடு நிறுத்தாமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். நாகர்கோவிலில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும் முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.